மருந்துக்கு அடங்காத வலிப்பு: மூளைக்குள் மரபணுக்கள் என்ன செய்கின்றன?

"மூன்றாவது மருந்தும் தொடங்கியாச்சு, அளவும் கூட்டியாச்சு, பிறகும் ஏன் வருது?"

வலிப்புள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்போதாவது ஒருநாள் வந்தே தீரும். கொழும்பில் கிளினிக் நாளில் வைத்தியரின் மேசையில் அடுக்கியிருக்கும் கொப்பிகளைப் பார்த்தால், அவர் ஏன் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார் என்று விளங்கும். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சரியான பதில் வராத இடத்தில் மற்றப் பதில்கள் வந்து குந்திக்கொள்கின்றன. கிரகம் சரியில்லை, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள், தாய் வயிற்றில் பிள்ளை இருந்தபோது எதையோ சாப்பிட்டுவிட்டாள், பிள்ளை களவாகக் குளிசையைத் துப்புகிறான். இவற்றைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன தாய்மார் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள், கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான்: வலிப்பு வந்த மூளை, தன்னிடமுள்ள மரபணுக்களைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் சிலரில் நிலைத்துவிடுகிறது. நிலைத்த பிறகு, மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய இடமே வேறாகிவிடலாம், அல்லது மருந்து அந்த இடத்துக்குப் போய்ச்சேராமலே போகலாம். இதில் நோயாளியின் குற்றம் எதுவும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை.

முதலில் சில எண்கள். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஒழுங்காகச் சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சமுள்ள 3 பேரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் இதற்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது: அந்த வகை வலிப்புக்குப் பொருத்தமான, நோயாளியால் தாங்கக்கூடிய இரண்டு மருந்துகளைச் சரியான முறையில், தனியாகவோ சேர்த்தோ, கொடுத்துப் பார்த்தும் வலிப்பு முற்றாக நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. இரண்டு தான். ஆறு ஏழு மருந்து பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள்? ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் முன்பு எந்த வலிப்பு மருந்தும் எடுத்திராத 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் மருந்திலேயே 47 வீதமானவர்களுக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் இன்னொரு 13 வீதம். அதற்குப் பிறகு என்ன கொடுத்தும், எதை எதோடு சேர்த்தும், மேலதிகமாக ஏறத்தாழ 4 வீதம்தான். அந்தச் சரிவைப் பாருங்கள். அதே நகரத்தில் 1,795 பேரை வைத்துச் செய்த நீண்ட ஆய்வு 2018இல் வந்தது. இடையில் பத்துக்கும் மேற்பட்ட புது மருந்துகள் சந்தைக்கு வந்திருந்தும், வலிப்பு நின்றவர்களின் பங்கு 63.7 வீதம்தான், அதாவது பழைய கணக்கிலிருந்து பெரிதாக நகரவில்லை. புது மருந்துகளில் பக்கவிளைவு குறைவாக இருக்கலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது என்றால், மருந்துப் பெட்டியில் இல்லாத ஏதோ ஒன்று மூளையில் நடக்கிறது என்று தேடத்தானே வேண்டும்.

அதற்குள் போகுமுன் ஒன்று. அடங்காத வலிப்பு என்று தோன்றுவதெல்லாம் உண்மையில் அடங்காததில்லை. குளிசை தவறினால் வலிப்பு வரும். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாமசி பாமசியாக ஏறி இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அது மருந்து தோற்றது ஆகாது, மருந்து கிடைக்காமல் போனது. சிலருக்கு வருவது வலிப்பே இல்லை, இதயத் துடிப்புப் பிரச்சினையாலோ மனஅழுத்தத்தாலோ வரும் மயக்கமும் உதறலும். இன்னும் சிலருக்கு வலிப்பு உண்மைதான், மருந்துதான் பிழை. காலையில் எழும்பியதும் கை சட்டென்று துடித்துக் கோப்பையைத் தவறவிடும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகை இருக்கிறது; அவர்களுக்குக் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் அந்தத் துடிப்பு அதிகரிக்கவே செய்யலாம். ஆகவே மரபணுவைப் பற்றிப் பேசுமுன் இந்த மூன்றையும் தள்ளிவைத்தாக வேண்டும்.

சரி, இனி மரபணு. பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏறத்தாழ 2 மீற்றர் நீள டி.என்.ஏ. மடிந்து கிடக்கிறது, அதில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஈரல் கலத்திலும் அதே 20,000, மூளைக் கலத்திலும் அதே 20,000. வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், எந்தக் கலம் எவற்றைத் திறந்து வாசிக்கிறது, எவற்றை மூடி வைத்திருக்கிறது என்பதில். மரபணுவின் செயற்பாடு என்று சொல்வது இதைத்தான். ஒரு மரபணு திறந்திருந்தால் அதன் பிரதி எடுக்கப்படும், அந்தப் பிரதியை வைத்துப் புரதம் செய்யப்படும். மூடியிருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

புறக்கோட்டை மெயின் வீதியில் பெரிய புடவைக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லாத் துணியும் இருக்கிறது, ஆனால் பலகையில் இறுக்கிச் சுற்றி மேல் தட்டில் ஏற்றிய துணியின் பூ வேலையை யாரும் பார்க்க முடியாது. அவிழ்த்து மேசையில் விரித்ததைத்தான் வாடிக்கையாளர் வாங்குவார். டி.என்.ஏ.யும் இப்படித்தான் ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு ஹிஸ்டோன் உருண்டையைச் சுற்றியும் ஏறத்தாழ 147 எழுத்துச் சோடிகள். ஹிஸ்டோனில் அசற்றைல் என்ற சிறு இரசாயனத் துண்டு ஒட்டினால் சுற்று தளரும், மரபணுவை வாசிக்கலாம். அசற்றைலைக் கழற்றினால் இறுகும். இது ஒரு வழி. இன்னொரு வழி, டி.என்.ஏ. எழுத்தின் மேலேயே மீதைல் என்ற துண்டை ஒட்டிவிடுவது. மரபணு தொடங்கும் இடத்தில் மீதைல் நிறைய ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றாவது வழியும் உண்டு: பிரதி எடுத்த பிறகு, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய துணுக்குகள் போய் அந்தப் பிரதியில் ஒட்டிக்கொண்டு புரதம் செய்யவிடாமல் தடுக்கும்.

இந்த வழிகளில் வரும் மாற்றங்களைத்தான் எபிஜெனடிக் மாற்றங்கள் என்கிறோம். டி.என்.ஏ.யின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை, அதை வாசிக்கும் விதம் மட்டும் மாறுகிறது. எழுத்தே மாறினால் அது மரபணுத் திரிபு, அதை இலேசில் திருத்த முடியாது. மீதைலும் அசற்றைலும் ஒட்டவும் கழற்றவும் நொதியங்கள் (இரசாயன வேலைகளை நடத்தும் புரதங்கள்) இருக்கின்றன. அதாவது இந்த அடையாளங்கள் இரு திசையிலும் போகக்கூடியவை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் உலகம் முழுக்க ஆய்வுகூடங்கள் இதன் பின்னால் ஓடுகின்றன.

வலிப்பு வந்தால் மரபணு என்ன ஆகிறது?

வலிப்பு என்பது பெருந்தொகையான நரம்புக் கலங்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் மின்னூட்டத்தை வெளியிடுவது. அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே கலத்தின் கருவுக்குச் செய்தி போய்விடுகிறது. எலிகளில் வலிப்பைத் தூண்டியதும் சி-பொஸ் என்ற மரபணு மளமளவென்று இயங்கத் தொடங்குவதை 1987இலேயே காட்டிவிட்டார்கள். சி-பொஸ் செய்யும் புரதம் வேறு மரபணுக்களைத் திறப்பதும் மூடுவதுமான வேலையைச் செய்வது, ஆகவே அதற்குப் பின்னால் வரிசையாகப் பல மரபணுக்கள் கூடுகின்றன, பல குறைகின்றன. மணிக்கணக்கில் நடப்பவை, நாட்கணக்கில் நடப்பவை, கிழமைகள் கடந்தும் நீடிப்பவை என்று.

வலிப்பு வலிப்பைக் கொண்டுவரும் என்று ஆங்கிலேய நரம்பியலாளர் வில்லியம் கவர்ஸ் 1881இலேயே எழுதியிருக்கிறார். 1960களில் கிரஹம் கொடார்ட் எலிகளின் மூளையில் மிகச் சிறிய மின் தூண்டலை நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார். முதலில் எதுவும் நடக்காத அதே அளவு மின்சாரத்துக்கு, போகப் போக எலிகள் முழு வலிப்புக் கண்டன. மனிதர்களில் இது எல்லோருக்கும் பொருந்தாது, ஒன்றிரண்டு வலிப்பு வந்து தானாகவே நின்றுபோனவர்கள் நிறைய. ஆனால் சில மூளைகளில் இந்தச் சுழல் உண்மையில் ஓடுகிறது. தலையில் அடிபட்டு, அல்லது மூளைக் காய்ச்சல் வந்து, அல்லது குழந்தையில் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்து, எல்லாம் சுகமாகி மாதங்களும் வருடங்களும் கழிந்த பிறகு ஒருநாள் வலிப்பு நோய் தொடங்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இடையில் இருந்த அமைதியான காலம் வெளியில் இருந்து பார்ப்பவருக்குத்தான் அமைதி. உள்ளே அந்தக் காலம் முழுக்க மரபணுச் செயற்பாடு மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

மருந்து தோற்பதற்கு வருவோம். இதற்கு மூன்று உதாரணங்கள் சொல்கிறேன், மூன்றும் வேறு வேறு வழி.

மூளையின் நுண்குழாய்ச் சுவரில் பீ-கிளைக்கோபுரதம் என்று ஒன்று இருக்கிறது. நஞ்சு மூளைக்குள் போகாமல், உள்ளே வந்ததைத் திரும்ப இரத்தத்துக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. புற்றுநோய் மருந்துகள் சிலரில் வேலைசெய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம் என்று முன்பே தெரியும். இதைச் செய்யும் ஏ.பி.சி.பி.1 என்ற மரபணு, மருந்துக்கு அடங்காத வலிப்புக்காகச் சத்திரசிகிச்சை செய்து எடுத்த மூளைத் துண்டுகளில் அதிகமாக இயங்குவதை 1995இல் கண்டார்கள். வலிப்பின்போது வெளியேறும் குளுட்டமேற்று, அதாவது நரம்புக் கலங்களைத் தூண்டும் இரசாயனம், இந்த மரபணுவைக் கூட்டிவிடுகிறது என்றும் பிறகு எலிகளில் விளங்கியது. பினோபார்பிட்டல் என்ற வலிப்பு மருந்துக்கு அடங்காத எலிகளுக்கு இந்தப் புரதத்தைத் தடுக்கும் வேறொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, அதே பினோபார்பிட்டல் வேலைசெய்தது! கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது, ஏனென்றால் இன்று கொடுக்கும் வலிப்பு மருந்துகள் பலவற்றை இந்தப் புரதம் மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே தள்ளும்.

இரண்டாவது, மருந்து பிடிக்கும் இடமே மாறுவது. கார்பமசெபின், பெனிற்றோயின் போன்றவை நரம்புக் கலத்தின் சோடியம் சனல்களில் (சோடியம் உள்ளே நுழையும் வாசல்களில்) ஒட்டி அவற்றை ஓயவைக்கின்றன. ஜேர்மனியின் பொன் நகரில், கார்பமசெபினுக்கு அடங்காத நோயாளிகளிடமிருந்து எடுத்த மூளைத் திசுவிலேயே நேரடியாக அந்த மருந்தை ஊற்றிப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். மருந்து கலத்தின் மேலேயே இருக்கிறது, ஆனால் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யவில்லை. இங்கே மருந்து போய்ச்சேரவில்லை என்று சொல்ல வழியே இல்லை பாருங்கள். சோடியம் சனல் ஒரு புரதம் மட்டும் அல்ல, பல துணைப் புரதங்கள் சேர்ந்த கட்டமைப்பு. எந்தத் துணைப் புரதத்தின் மரபணு கூடுகிறது, எது குறைகிறது என்பதைப் பொறுத்து அந்தச் சனலின் குணமும் மாறும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. காபா என்பது மூளையை அமைதிப்படுத்தும் இரசாயனம். டயசெபாம், குளோபசாம், பினோபார்பிட்டல் எல்லாம் அதற்குப் பலம் சேர்க்கும் மருந்துகள். காபா அமைதிப்படுத்த வேண்டுமானால் கலத்துக்குள் குளோரைட்டு குறைவாக இருக்க வேண்டும், அதைக் குறைத்து வைப்பது கே.சி.சி.2 என்ற புரதம். பிரான்சின் பரிஸ் நகரிலிருந்து 2002இலும் 2007இலும் வெளியான ஆய்வுகளில், பொட்டுப்பக்க மூளையில் (நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக உள்ள பகுதியில்) வலிப்புள்ள நோயாளிகளின் திசுவில் சில கலங்களில் இந்தக் கே.சி.சி.2 குறைந்துபோயிருந்தது. அந்தக் கலங்களில் காபா வந்தால் அமைதி வருவதற்குப் பதிலாகக் கலம் தூண்டப்பட்டது. அப்படியான கலத்தில் காபாவுக்குப் பலம் சேர்த்து என்ன பயன்?

இந்த இடத்தில் நடைமுறையான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீண்டால், மரபணு மாறும்வரைகூடப் போக வேண்டாம், காபா ஒட்டும் இடங்களே கலத்தின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படத் தொடங்குகின்றன. நேரம் போகப் போக டயசெபாமுக்கு அடங்குவது குறைகிறது. அதனால்தான் 5 நிமிடம் என்று அழுத்திச் சொல்கிறார்கள். கையில் திறப்பைத் திணித்துக்கொண்டு நிற்காமல், ஆளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்த்து, 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரச்சொல்லுங்கள்.

அடையாளம் ஏன் நிலைக்கிறது?

ஒரு புரதத்தின் ஆயுள் பெரும்பாலும் சில நாட்கள், சில கிழமைகள். வலிப்பின்போது கூடுதலாகச் செய்யப்பட்ட புரதம் கொஞ்ச நாளில் அழிந்து எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டுமே? பலருக்கு வருகிறது. சிலருக்கு வருவதில்லை. அந்தச் சிலரில், மாறிய நிலையை ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது. மீதைல் அடையாளம் அந்த வேலைக்குப் பொருத்தமானது, ஏனென்றால் ஒட்டியபின் அது நெடுநாள் நிற்கக்கூடியது. ஜேர்மனியின் எர்லாங்கனில் கட்யா கோபொவும் கூட்டாளிகளும் 2013இல் முன்வைத்த கருதுகோள் இதுதான்: வலிப்பே டி.என்.ஏ.யில் மீதைல் அடையாளங்களை மாற்றுகிறது, அந்த அடையாளங்கள் மரபணுச் செயற்பாட்டை மாற்றி நோயைக் கடுமையாக்குகின்றன, மருந்துக்கு அடங்காமையும் அதிலிருந்து வரலாம். மருந்துக்கு அடங்காத பொட்டுப்பக்க வலிப்பு நோயாளிகளின் திசுவில் மீதைல் ஒட்டும் நொதியங்கள் கூடியிருப்பதை இன்னொரு குழுவும் கண்டிருக்கிறது.

அமெரிக்காவில் டெட்லெவ் பொய்சன் என்பவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இதில் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது தெளிவாகத் தெரியும். அடினோசின் என்பது மூளை தானே உற்பத்திசெய்யும் வலிப்புத் தடுப்பான். வலிப்பு ஒன்று தானாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நரம்புக் கலங்களுக்குத் துணையாக இருக்கும் உடுக் கலங்களில் அடினோசினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று உண்டு, அடினோசின் கைனேசு. மூளையில் காயம் பட்டுத் தழும்பு உண்டாகும்போது இந்தக் கலங்கள் பெருத்து, இந்த நொதியமும் கூடிவிடுகிறது, அடினோசின் குறைகிறது. இதுவரைக்கும் பழைய கதை. புதிதாக விளங்கியது என்னவென்றால், டி.என்.ஏ.யில் மீதைல் ஒட்டும் வேலை முடியும்போது மிச்சமாக வருவதில் அடினோசினும் ஒன்று. அது தேங்கினால் மீதைல் ஒட்டும் வேலை தடைப்படும். உடனுக்குடன் அகற்றப்பட்டால் அந்த வேலை தங்குதடையில்லாமல் ஓடும். ஆகவே அடினோசின் குறைந்த மூளையில் இரண்டு கெடுதி: வலிப்பை நிறுத்துவதும் குறைவு, மீதைல் அடையாளம் ஏறுவதும் அதிகம். 2013இல் அவருடைய குழு, அடினோசினைச் சிறிது சிறிதாக வெளிவிடும் பட்டுப்புரதத் துண்டுகளை வலிப்புள்ள எலிகளின் மூளையில் வைத்தது. அடினோசின் வந்துகொண்டிருந்தது 10 நாள் அளவில்தான், ஆனால் நோய் முற்றாமல் தடுத்த பயன் அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. மருந்து போன பிறகும் நீடிக்கும் பயன் என்றால், அது அறிகுறியை அமுக்கி வைத்ததால் வந்தது இல்லை. இன்று நாம் குளிசையாக விழுங்கும் மருந்துகள் எதிலும் இதுவரை நிரூபிக்கப்படாத ஒன்று இது.

ஹிஸ்டோன் பக்கமும் இதே கதைதான். கடும் வலிப்புக்குப் பிறகு எலி மூளையில் ஒரு மரபணுவின் அருகே அசற்றைல் கழன்று அது மூடிக்கொள்வதும், இன்னொன்றின் அருகே அசற்றைல் ஏறி அது திறந்துகொள்வதும் 2002இல் பதிவாகியிருக்கிறது. மூடியது, நரம்புக் கலத்துக்குள் கல்சியம் அளவுக்கு மீறி நுழையாமல் பார்த்துக்கொள்ளும் புரதத்தின் மரபணு. திறந்தது, நரம்பு வளர்ச்சியைத் தூண்டும் பீ.டி.என்.எப். மூடக்கூடாதது மூடி, அந்த நேரத்தில் திறக்கத் தேவையில்லாதது திறக்கிறது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது எல்லாம் முடிந்த விஷயம் என்று நினைத்துவிடுவார்கள். உயிரோடு உள்ள மனிதரின் மூளைத் துண்டு ஆய்வுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வலிப்புச் சத்திரசிகிச்சையில்தான். சத்திரசிகிச்சைக்குப் போவது மருந்துக்கு அடங்காதவர்கள். மருந்துக்கு அடங்கியவர்களின் மூளையை யாரும் வெட்டி எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. அப்போது எதோடு ஒப்பிடுவது? விபத்திலோ வேறு நோயிலோ இறந்தவர்களின் மூளையோடு ஒப்பிடுகிறார்கள், ஆனால் இறந்த பின் கழியும் மணித்தியாலங்களிலேயே மரபணுப் பிரதிகள் சிதையத் தொடங்கிவிடும். அதோடு அந்த நோயாளி 20 வருடமாக விழுங்கிய மருந்துகளே எபிஜெனடிக் அடையாளங்களை மாற்றியிருக்கலாம். ஆகவே கண்ட மாற்றம் நோயின் காரணமா, விளைவா, மருந்தின் கைவரிசையா என்று பிரிப்பது கடினம். மனிதரில் நேரடியான சான்று இன்னும் மெல்லியது. எலிகளில் சான்று பலமாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதும் செய்திகளைப் படிக்கும்போது கவனமாக இருங்கள்.

மருந்தாக என்ன இருக்கிறது, என்ன வருகிறது

கிளினிக்கில் எழுதித்தரும் சோடியம் வல்ப்ரோயேற், ஹிஸ்டோனிலிருந்து அசற்றைலைக் கழற்றும் நொதியத்தைத் தடுக்கிறது என்று 2001இல் தெரியவந்தது. பல்லாண்டுகளாக உலகம் முழுக்கக் கொடுத்துவந்த மருந்து ஒன்று எபிஜெனடிக் மருந்தும்கூட என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதன் வலிப்புத் தடுப்புக் குணத்தில் இதற்கு எவ்வளவு பங்கு என்பது வேறு கேள்வி. தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு நோய் வராமல் தடுக்க அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. கர்ப்பகாலத்தில் அது சிசுவைப் பாதிப்பதற்கு இதே குணம் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கர்ப்பத்தில் வல்ப்ரோயேற் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் 10இல் ஒன்றுக்கு உடற்குறைபாடும், 10இல் 3 முதல் 4 பேருக்கு வளர்ச்சிப் பிரச்சினையும் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் எச்சரித்திருக்கிறது. திருமண வயதில் உள்ள மகளுக்கு இந்த மருந்து எழுதப்பட்டிருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் பேசுங்கள், ஆனால் நீங்களாகவே ஒருபோதும் சட்டென்று நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு உயிரையே எடுக்கலாம்.

கீற்றோன் உணவுமுறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மாச்சத்தை மிகமிகக் குறைத்துக் கொழுப்பை ஏற்றுவது. 1921இல் அமெரிக்காவில் வலிப்புக்காகத் தொடங்கியது, 2008இல் பிள்ளைகளில் முறையான ஆய்வில் பலன் காட்டியது. இந்த உணவில் உடம்பில் உண்டாகும் பீற்றா ஹைட்ரொக்சிபியூற்றிரேற்றும் அசற்றைல் கழற்றும் நொதியங்களைத் தடுக்கும். வலிப்புள்ள எலிகளில் இந்த உணவு மீதைல் மாற்றங்களைத் திருப்பியதையும் கோபொவின் குழு காட்டியது. ஆனால் சோறும் இடியப்பமும் பாணும் இல்லாமல் ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் வைத்திருப்பது எங்கள் வீடுகளில் எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். தேங்காயெண்ணெய் கைகொடுக்கும், அது நமக்கு ஒரு வசதிதான். என்றாலும் இரத்தப் பரிசோதனையும் போசாக்கு நிபுணரின் கண்காணிப்பும் இல்லாமல், யூரியூபைப் பார்த்து இதைத் தொடங்கவே கூடாது. சில வளர்சிதைக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கு இது ஆபத்து.

இனி வரப்போவதில் இரண்டைச் சொல்கிறேன். டப்ளினில் டேவிட் ஹென்ஷலின் குழு 2012இல், மைக்ரோ ஆர்.என்.ஏ.-134 என்ற துணுக்கை அடக்கும் ஒரு மூலக்கூறைச் சுண்டெலிகளின் மூளைக்குள் செலுத்தியது. வலிப்பு நெடுநாள் குறைந்தது. மற்றது, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோயான ட்ராவே நோய்க்கானது. இந்த நோயுள்ள பெரும்பாலான பிள்ளைகளில் எஸ்.சி.என்.1ஏ என்ற சோடியம் சனல் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. அதனால் சோடியம் சனலை அடக்கும் கார்பமசெபின் போன்றவை இவர்களுக்கு நிலைமையை மோசமாக்கும். பழுதான பிரதியைத் திருத்துவதற்குப் பதிலாக, நல்ல பிரதியைக் கூடுதலாக இயங்கவைத்தால் என்ன என்ற யோசனையில் செய்யப்பட்டது சொரெவுனெர்சென். முதுகுத்தண்டு நீருக்குள் ஊசியாகப் போடுவது, இப்போது மனிதரில் பரிசோதிக்கப்படுகிறது. எழுத்தைத் தொடாமல் வாசிப்பை மட்டும் கூட்டுவது, இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் ஒரு மருந்தாகும்போது இப்படித்தான் இருக்கும்.

அதுவரை இங்கே இருப்பவர்கள் என்ன செய்வது? உங்கள் எபிஜெனடிக் நிலையை இரத்தத்தில் பார்த்து வலிப்பு மருந்தைத் தேர்ந்துதருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அப்படி நம்பகமான ஒரு பரிசோதனை இன்று இல்லை, இரத்தக் கலத்தின் அடையாளமும் மூளைக் கலத்தின் அடையாளமும் ஒன்றல்ல. மீதைலைத் திருத்தும் என்று விற்கும் விற்றமின் போத்தல்களும் அப்படியே.

உண்மையில் செய்யக்கூடியது, இரண்டு மருந்து சரியாகக் கொடுத்தும் அடங்கவில்லை என்றால் காலம் கடத்தாமல் அடுத்த கட்டத்தைக் கேட்பது. பெரியவர் என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவு, பிள்ளை என்றால் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, அல்லது உங்களைப் பார்க்கும் நரம்பியல் நிபுணரிடமே. கேட்க வேண்டியது இதுதான்: "டொக்டர், இவருக்கு வலிப்புச் சத்திரசிகிச்சை பொருந்துமா என்று பார்க்க ஏலுமா?" பொட்டுப்பக்க வலிப்புள்ள 80 பேரை வைத்துக் கனடாவில் 2001இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 வீதத்தினர் ஒரு வருடத்தின் பின் நினைவு தவறும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள், மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் அது 8 வீதம். எல்லோருக்கும் பொருந்தாதுதான். ஆனால் பொருந்துமா என்று பார்ப்பதற்கே பத்து இருபது வருடம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் காலம் முழுக்க மூளை சும்மா இருப்பதில்லை என்பதைத்தான் மேலே இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

போகும்போது வலிப்பு வரும் நேரத்தில் போனில் எடுத்த ஒரு வீடியோவைக் கொண்டுபோங்கள். எந்த மருந்தை எந்த மாதம் தொடங்கியது, எந்த அளவு வரை கூட்டியது, ஏன் நிறுத்தியது, இடையில் எப்போது கிடைக்காமல் போனது என்று ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். இரண்டு மருந்து உண்மையாகவே தோற்றதா என்று வைத்தியர் முதலில் தேடுவது அந்தத் தகவலைத்தான்.